கவலைப்பட ஆள் தேவை

கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு கட்டடத்தின் சாப்பாட்டு அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கத்துவார்கள், ஓடுவார்கள், தெரிந்த சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆழிப்பெட்டகம் நிலையத்தின் ஏழு ஊழியர்களும் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்கள்.

"தண்ணி கொஞ்சம் குளுருதே," என்றார் நிலையத் தலைவர் சௌந்தரபாண்டியன்.

"எங்கயோ ஒழுகுது போல சார்," என்றாள் பொறியாளர் கோமதி, சோற்றில் குழி பறித்து ரசத்தை ஊற்றியபடி.

"பாத்துக்கிடலாம். அப்பளம் இருக்கா?"

இந்த உரையாடலைத் தூத்துக்குடிக் கரையில் இருந்த அலுவலகத்தின் கேமரா திரையில் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் ஜெகவீரனுக்கு நெஞ்சு அடைத்தது. கரையிலிருந்தே கதவுகளைப் பூட்டி, பம்புகளை ஓடவிட்டு, ஒருவழியாகத் தண்ணீரை இறைத்தார்கள். சாப்பாட்டு அறையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்பளம் இல்லை என்பதில் மட்டும் லேசான வருத்தம் இருந்தது.

ஆழிப்பெட்டகம் என்பது கடலடியில் கட்டப்பட்ட கணினிக் கிடங்கு. தரையில் வைத்தால் கொதிக்கும் கணினிகளைக் கடல்நீர் இலவசமாகக் குளிரவைத்தது. தென்மாவட்டங்களின் பாதிக் கல்யாண வீடியோக்களும் காதுகுத்துப் படங்களும் அங்கேதான் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள்கள்தாம் கிடைக்கவில்லை. முதலில் போனவர்கள், தலைக்கு மேல் இவ்வளவு கடல் நிற்கிறது என்ற நினைப்பிலேயே கலங்கி, அழுதுகொண்டு மேலே வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த ஊசி வந்தது. மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். மயக்கம் வராது, புத்தி மழுங்காது. போட்டுக்கொண்டவர்கள் கணக்குப் போட்டார்கள், பாடினார்கள், காதலித்தார்கள். பயப்படுவதற்கு மட்டும் அவர்களால் முடியவில்லை. அதற்கு நிம்மதி ஊசி என்று பெயர் வைத்து, கீழே போகிற எல்லாருக்கும் போட்டது நிறுவனம். யாரும் அழவில்லை. யாரும் ஓடவில்லை. தண்ணீர் வந்தாலும் ஓடவில்லை.

ஜெகவீரன் மதுரையிலிருந்து டாக்டர் அங்கயற்கண்ணியை வரவழைத்தார். மனநல மருத்துவர். மனிதக் குணங்கள் ஏன் இப்படி அமைந்தன என்று ஆதி மனிதனிலிருந்து ஆரம்பித்து ஆராய்கிறவர்.

"ஏன் டாக்டர் இப்படி?" என்றார் ஜெகவீரன். "பயம் ஒரு நோய்தானே? நோயை எடுத்தா மனுசன் நல்லா ஆகணும்லா?"

"பயம் நோய் இல்லைங்க. ரொம்பக் கூடிப்போனாத்தான் நோய். சும்மா யோசிச்சுப் பாருங்க. இருட்டுல காலடியில நீளமா ஏதோ கெடக்குது. கயிறா, பாம்பா? கயித்தைப் பாம்புன்னு நெனச்சு ஒருத்தன் அலறிக் குதிச்சான். என்ன நட்டம்? வேட்டி கிழிஞ்சிருக்கும். நாலு பேரு சிரிச்சிருப்பாங்க. இன்னொருத்தன் பாம்பைக் கயிறுன்னு நெனச்சு எடுத்துத் துணி காயப்போடக் கட்டினான். அவனுக்குப் பேரன் பேத்தி கெடையாது. நாம எல்லாரும் அலறிக் குதிச்சவனோட பேரப் பிள்ளைங்க. அதான் நூறு தடவை தேவையில்லாம பயப்படுறோம். நூத்தியோராவது தடவை பொழைக்கிறோம்."

"அப்ப எங்க ஆளுங்க?"

"அவங்க பாம்பைக் கட்டி, அதுல உங்க சட்டையையும் சேர்த்துக் காயப்போடுவாங்க."

ஜெகவீரன் யோசித்தார். "எல்லாரும் பயந்தா கீழ வேலை நடக்காதே டாக்டர்."

"எல்லாரும் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கூட்டத்துலயும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பத்துப் பேரு தூங்குனா ஒருத்தன் முழிச்சுக்கிட்டு, இலை அசைஞ்சாலும் எழுந்து உக்காருவான். அவனைத் திட்டிக்கிட்டே மத்தவங்க உசுரோட இருந்தாங்க."

ஜெகவீரனுக்கு வழி கிடைத்துவிட்டது. ஏழு பேரில் ஒருவர் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம் என்று கீழே அறிவித்தார். ஒருவர்கூட முன்வரவில்லை. நிம்மதியாக இருப்பவனிடம் போய், கொஞ்சம் நடுங்கு என்றால் எவன் கேட்பான்? ஆகவே இயற்கையிலேயே பயப்படுகிற ஒருவரை வெளியிலிருந்து எடுப்பதென்று முடிவானது. பத்திரிகையில் விளம்பரம் வந்தது: கவலைப்பட ஆள் தேவை. முன்அனுபவம் அவசியம்.

நேர்காணலுக்குக் கூட்டம் வந்தது. பெரும்பாலோர் போலிகள். ஒருவர் பூமி சூடாகிக்கொண்டே போவதை நினைத்துத் தூக்கமில்லை என்றார்.

"வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"பூட்டியிருப்பேன்னு நெனைக்கேன்."

அவரை அனுப்பிவிட்டார்கள்.

தைரியநாதன் மனைவியோடு வந்தார். உப்பளக் கம்பெனி ஒன்றில் மேலாளர். கட்டடம் எங்கே இருக்கிறதென்று பார்த்து வைக்க முந்தைய நாளே ஒருமுறை வந்து போயிருந்தார். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுவிட்டு, டாக்டரின் நாற்காலியையும் நகர்த்தச் சொன்னார்.

"என்ன கவலை உங்களுக்கு?"

"மழைதான் டாக்டர். மழை வந்தா உப்பு கரைஞ்சிரும்லா?"

"இப்ப மழைக்காலம் இல்லையேங்க."

"அதான் டாக்டர் கூடுதல் பயமா இருக்கு. யாரும் எதிர்பாக்காத நேரத்துல வந்துட்டா?"

அவர் மனைவி ஜெபமாலை பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒரு விசில் சத்தத்தில் முந்நூறு பிள்ளைகளை நிறுத்தக்கூடியவர்.

"நான் தூங்கிக்கிட்டிருப்பேன் டாக்டர். முழிச்சுப் பாத்தா என் மூக்குல இவுக வெரல் இருக்கும். மூச்சு விடுதேனான்னு பாக்காவளாம். மக காலேசுக்குப் போனா பஸ் டிரைவர் மூஞ்சியப் பாத்துட்டு வந்துதான் சாப்பிடுவாவ. சாப்பிட்டாலும் வயித்துல நிக்காது. மெலிஞ்சு போயிட்டாவ பாருங்க."

டாக்டர் பார்த்தார். உண்மையான நோயாளி. பரிசோதனைக் குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது ஜெகவீரன்.

"சார், இங்க சேந்தா அந்த நிம்மதி ஊசி போடுவீங்கல்லா?" என்று ஜெபமாலை கேட்டார். "வெளிய அது எங்கயும் கெடைக்கலை. அதுக்காகத்தான் நான் இவுக பேருக்கு எழுதிப் போட்டேன்."

"கம்பெனியில சேர்ந்தவங்களுக்கு எல்லா வசதியும் உண்டு," என்றார் ஜெகவீரன். அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை என்பதை அவருடைய வழக்கறிஞர் பிற்பாடு உறுதிசெய்தார்.

சிறு நீர்மூழ்கி ஒன்றில் தைரியநாதனைக் கீழே இறக்கினார்கள். பயணம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னவர், கதவு திறந்ததும் பெட்டியோடு உள்ளே வந்து, எதிரே நின்ற சௌந்தரபாண்டியனிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊசி எங்க சார் போடுவாங்க?"

"ஒங்களுக்கு ஊசி கிடையாதுண்ணே," என்றார் சௌந்தரபாண்டியன், இன்று வெயில் அதிகம் என்று சொல்கிற தொனியில். "நாங்க ஏழு பேரும் பயப்பட மாட்டோம்லா, எங்களுக்கும் சேத்து நீங்கதான் பயப்படணும். அதுதான் வேலை."

தைரியநாதன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏழு பேருக்குமா?"

"ஒங்களையும் சேத்தா எட்டு."

உடனே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கீழே இருப்பதற்கும் பயமாக இருந்தது, மேலே போவதற்கும் பயமாக இருந்தது. கீழே இருப்பதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இருந்துவிட்டார்.

அவருக்கு ஒரு மணி கொடுத்தார்கள். எப்போது பயம் வந்தாலும் அடிக்கலாம். அடித்தால் ஏழு பேரும் போட்டது போட்டபடி வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வாரம் நிலையத்தில் அந்த மணி ஓயவில்லை. சுவரில் யாரோ தட்டுகிறார்கள் என்று அடித்தார். போய்ப் பார்த்தால், பெரிய களவா மீன் ஒன்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு முட்டிக்கொண்டிருந்தது. எங்கோ காற்று கசிகிறது என்று அடித்தார். சமையற்காரர் முகைதீனின் குக்கர். யாரோ முனகுகிறார்கள் என்று அடித்தார். கோமதி குளித்துக்கொண்டே பாடியிருக்கிறாள். அவள் தலையில் துண்டோடு வந்து, "நல்லா இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. சலித்துக்கொள்வதற்கும் நேரம் போகிறதே என்கிற சின்னப் பயம் ஒன்று வேண்டும். அது அவர்களிடம் இல்லை. மணி அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள், பார்த்தார்கள், "இல்லண்ணே, மீன்தான்" என்றார்கள், போனார்கள்.

ஒருநாள் காலை தைரியநாதன் மணியை அடித்துவிட்டுக் கூச்சத்தோடு நின்றார்.

"மன்னிச்சிருங்க. வழக்கம்போலத்தான். ஒண்ணும் இருக்காது."

"என்ன கேட்டுச்சு?" என்றாள் கோமதி.

"ஒண்ணுமே கேக்கலை. ரொம்ப அமைதியா இருக்கு. அதான்."

கோமதி போய்ப் பார்த்தாள். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. சமையலறையில் அதற்கான சிவப்பு விளக்கு வெகுநேரமாக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. கண் கூசுகிறது என்று முகைதீன் அதன்மேல் கைப்பிடித் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எட்டுப் பேரும் நிம்மதியாகத் தூங்கி, எழுந்திருக்காமலே போயிருப்பார்கள்.

நிறுவனம் குதூகலித்தது. அடுத்த நீர்மூழ்கியில் தைரியநாதனுக்குப் பொன்னாடை வந்தது. வருகிற வழியில் நனைந்திருந்தது. சௌந்தரபாண்டியன் அதைப் பிழிந்துவிட்டுப் போர்த்தினார்.

அதற்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மணிச் சத்தம் குறைந்தது. தைரியநாதன் வாழ்நாள் முழுவதும் தன் பயத்தைச் சொன்னபோதெல்லாம் அம்மா, அப்பா, வாத்தியார், முதலாளி எல்லாரும் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: ஒண்ணுமில்ல, போ. இங்கேதான் முதன்முறையாக ஏழு பேர் எழுந்து வந்து, குனிந்து, எட்டிப் பார்த்து, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்றார்கள். அது வேறு மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் கரையோடு பேசுகிற தொலைபேசியில் ஜெபமாலையிடம் வீட்டு நடப்பெல்லாம் கேட்டுக்கொண்டார். முகைதீன் வைத்த கஞ்சி வயிற்றில் நின்றது. முகைதீனின் சமையலில் உப்பு ஒருநாள் கடலாகவும் மறுநாள் கானலாகவும் இருக்கும் என்பது வேறு விஷயம். உப்பு சரியாக இருக்கிறதோ என்று கவலைப்படுவதை அந்த மனிதர் ஊசி போட்ட அன்றே விட்டுவிட்டிருந்தார்.

மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடக் கீழே வந்து போகும் டாக்டர் அங்கயற்கண்ணி, அடுத்த ஊசிக்கு நாலு நாள் இருக்கும்போது கரை அலுவலகத்தில் சந்தோஷமாகச் சொன்னார்: "தைரியநாதன் நல்லாத் தேறி வர்றார் சார். எடை கூடியிருக்கு. மணியடிக்கிறதும் பாதியாக் குறைஞ்சிருச்சு."

ஜெகவீரன் முகம் வெளுத்தது. "தேறி வர்றாரா? இது ஒப்பந்தத்துக்கு விரோதம்லா?"

"சார்!"

"நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, ஒரு கூட்டத்துக்கு ஒரு பயந்தாங்கொள்ளி வேணும், அதுக்காகத்தான் இயற்கை அவனை வச்சிருக்குன்னு?"

"இயற்கை யாரையும் எதுக்காகவும் வச்சிருக்கலை. ஒரு விஷயம் ஏன் வந்துச்சுங்கிறது வேற, அது இருந்தாகணுமாங்கிறது வேற. காய்ச்சல் கூட உடம்பைக் காப்பாத்தத்தான் வருது. அதுக்காகக் காய்ச்சல்காரனை வேலைக்கு வச்சு, அவனுக்குக் குணமாயிரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டிருப்பீங்களா?"

டாக்டர் போனதும் ஜெகவீரன் தொலைபேசிப் பிரிவைக் கூப்பிட்டார். பொய்த் தகவல் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஒரு கம்பியைக் கழற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் தைரியநாதன் வீட்டுக்குப் பேசினார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி பேசினார். மறுநாளும் அப்படியே. மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் வீடு கிடைத்தது. முகைதீனின் காயல்பட்டினத்து வீட்டிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் அறை வரை கேட்டது.

நிறுவனம் நினைத்ததற்கு மாறாக அவர் மணியை அடிக்கவில்லை. அதை அடித்தால் ஏழு பேர் வருவார்கள், ஆனால் தூத்துக்குடியில் இருக்கிற வீட்டை அவர்கள் எப்படி எட்டிப் பார்ப்பார்கள்? சாப்பாட்டு அறைச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. முகைதீன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். உள்ளே போனது வெளியே வந்தது. ஏழு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஊசி அவர்களிடமிருந்து பயத்தை எடுத்திருந்தது. பரிதாபத்தை எடுக்கவில்லை.

டாக்டர் அந்த மாத ஊசிகளோடு வந்து இறங்கியபோது தைரியநாதன் அப்படியே கிடந்தார். கோமதி தொலைபேசிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு டாக்டர். இவுக வீட்டு நம்பரை மட்டும் கரையிலயே பிடிச்சு வச்சிருக்காங்க."

டாக்டர் அதே லைனில் மதுரையிலிருந்த தம் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, அங்கிருந்து ஜெபமாலையை இணைக்கச் சொல்லி, போனைத் தைரியநாதன் கையில் கொடுத்தார். எடுத்த எடுப்பில் ஜெபமாலை, "ஏன் பேசலை? நீங்க ஏன் பேசலை?" என்று கத்தியது எல்லாருக்கும் கேட்டது. தைரியநாதன் அழுதார்.

பிறகு டாக்டர் ஊசிப் பெட்டியைத் திறந்து ஏழு ஊசிகளை மேசைமேல் வைத்தார்.

"ஏழுதான் இருக்கு. நீங்க ஏழு பேர். இவரோட எட்டு. நான் இதுல ஒண்ணை இவருக்குப் போடப்போறேன். அப்ப உங்கள்ல ஒருத்தருக்கு இல்லை."

முகைதீன்தான் பேசினார். "எங்க ஊர்ல தெருக்குழாய்த் தண்ணி முறை வச்சு வுடுவாங்கம்மா. இந்த வாரம் எங்க தெரு, அடுத்த வாரம் அடுத்த தெரு. பயத்தையும் அப்படி முறை வச்சுக்கிட்டா என்னா? மாசத்துக்கு ஒரு ஆளு பயப்படட்டும். மத்தவங்க நிம்மதியா இருப்போம்."

எல்லாரும் யோசித்தார்கள். முதலில் யார் என்பதுதான் கேள்வி.

"நான் முதல்ல பயப்படுதேன்," என்றார் சௌந்தரபாண்டியன். "பயப்படுததுக்கு என்ன பயம்? பாத்துக்கிடலாம்."

தைரியநாதனுக்கு ஊசி போட்ட மறுநாள், அவர் எழுந்து கண்ணாடிச் சன்னல் அருகே போய் நின்றார். வெளியே பச்சை வெளிச்சத்தில் மீன் கூட்டம் ஒன்று திரும்பியது. அவர் இதுவரை மீன்களைக் கண்ணாடியில் முட்டக்கூடியவையாகத்தான் பார்த்திருந்தார். அவற்றின் விலாவில் மஞ்சள் கோடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "அழகா இருக்கே," என்றார் பக்கத்தில் நின்ற கோமதியிடம். நாலு இட்லி சாப்பிட்டார். மத்தியானம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முகைதீன் ஒருமுறை அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார், அக்கறையில்.

சௌந்தரபாண்டியனின் பழைய ஊசி வடிவதற்குச் சில நாள்கள் ஆயின. ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"எலே! நாம கடலுக்கு அடியிலல்லா இருக்கோம்!"

"ஆமா சார்," என்றாள் கோமதி.

"மேல எல்லாம் தண்ணிலே!"

"ஆமா சார். பக்கத்துலயும்தான்."

அவர் மணியைப் பிடித்தவர் விடவில்லை. அன்றே நிலையம் முழுவதும் நடந்து, பல மாதங்களாகப் பாத்துக்கிடலாம் என்று விட்டு வைத்திருந்தவற்றையெல்லாம் பார்த்தார். ஒழுகிய இடம், துருப்பிடித்த கதவு, ஓரம் கிழிந்த உயிர்க்காப்பு உடை. எல்லாம் சரிசெய்யப்பட்டன. அவர் உடம்புதான் பாதியானது. சாயங்காலங்களில் தைரியநாதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிசைந்தால் சுக்குவெந்நீர் குடிப்பது, மூச்சை எண்ணி விடுவது என்று தம் தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

விஷயம் தெரிந்து ஜெகவீரன் திரையில் வந்தார். "ஒப்பந்தத்தை மீறியிருக்கீங்க. எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கிருவேன்."

சௌந்தரபாண்டியனுக்கு வியர்த்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பார், அதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"சார், எனக்கு உங்களைக் கண்டாப் பயமாத்தான் சார் இருக்கு. வேலை போயிட்டா என்ன செய்யன்னும் பயமா இருக்கு. ஆனா அந்தப் போனை நீங்க புடுங்குனது அநியாயம் சார். இனிமே ஒரே ஆளு எல்லாருக்கும் பயப்பட மாட்டாரு. நாங்க முறை வச்சுத்தான் பயப்படுவோம். இல்லைன்னா எல்லாரும் மேல வாரோம். நீங்க கீழ வந்து கல்யாண வீடியோக்களைப் பாத்துக்கிடுங்க."

சொல்லி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, கழிவறைக்கு ஓடினார். ஆறு பேரும் தைரியநாதனும் கைதட்டினார்கள்.

கீழே இறங்க வேண்டியிருக்கும் என்ற பேச்சுதான் ஜெகவீரனை அசைத்திருக்க வேண்டும். அவர் ஊசி போட்டுக்கொள்ளாதவர். சில வாரங்கள் கழித்து, சுழற்சி முறை விழிப்புத் திட்டம் என்ற பெயரில் அதைத் தமது சொந்த யோசனையாக வெளியிட்டு, டெல்லியில் ஒரு விருதும் வாங்கிக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த மாதம் முகைதீனின் முறை வந்தது. அந்த மாதம் முழுவதும், உப்பு போதுமா, உறைப்பு கூடிப்போச்சா என்று அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சமைத்த சாப்பாட்டை ஆழிப்பெட்டகம் இன்றைக்கும் பேசிக்கொள்கிறது. அவர் முறையை இரண்டு மாதமாக ஆக்கலாமா என்று ஒருவர் கேட்டார். டாக்டர் முறைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

தைரியநாதன் விடுமுறையில் வீட்டுக்கு வந்தார். சதை பிடித்திருந்தார். தெருவில் நாய் குரைத்தபோது நின்று அதன் காதைச் சொறிந்துவிட்டு வந்தார். வானம் இருட்டிக்கொண்டு தூறல் விழுந்தது. உப்பளங்களின் ஊரில் அவர் ஒருவர்தான் அதை ரசித்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஜெபமாலை நடந்துகொண்டிருந்தார். சன்னல் வரை வருவார், பார்ப்பார், திரும்புவார். மகள் செர்லின் திருநெல்வேலியில் கல்லூரி முடிந்து வர வேண்டிய நேரம்.

"ஏங்க, பஸ் வந்திருக்கும்லா?"

"வந்துட்டிருக்கும்."

"போன் எடுக்க மாட்டேங்கா."

"பஸ்சுக்குள்ள சத்தத்துல கேட்டிருக்காது."

ஜெபமாலை வாசலுக்கு வந்து நின்றார். முந்நூறு பிள்ளைகளை நிறுத்துகிற குரல் காணாமல் போயிருந்தது. "ஒங்களுக்குப் பயமாவே இல்லையா?"

அவர் தமக்குள் தேடிப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை."

"எனக்கு இருக்கு. நீங்க கீழருந்து போன்ல பேசாம இருந்தீங்கள்லா, அன்னைக்குப் புடிச்சது. அது நின்னுரும்னு பாத்தேன். நிக்கலை. நீங்க வேற இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிய. கேட்டைப் பூட்டுனியான்னு கேக்கலை, சாப்பிட்டியான்னு கேக்கலை. எல்லாத்தையும் நானே நெனைக்க வேண்டியிருக்கு." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இத்தனை வருசமும் என்னைப் பெரிய தைரியசாலின்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க எனக்கும் சேத்துப் பயந்துட்டிருந்திருக்கீங்க. எனக்குப் பயப்பட எடமே விடலை நீங்க."

தைரியநாதனின் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. ஒண்ணுமில்ல. அது உண்மையும்கூட. தூறலில் பஸ் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அவருக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார்.

"வா, போய்ப் பாத்துட்டு வருவோம்."

"நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"குடையை எடுத்துக்கோ."

இருவரும் பேருந்து நிலையம் வரை நடந்தார்கள். ஜெபமாலை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: டிரைவர் புதுசாம், பாலத்துக்கிட்ட ரோடு சரியில்லையாம், போன வாரம்கூட ஒரு வண்டி கவிழ்ந்ததாம். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். பாலத்தில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவருக்கு ஒரு துளிகூடப் பயமில்லை. மழை வாசனை நன்றாக இருந்தது.

திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. செர்லின் இறங்கினாள். காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, குடைக்குள் நின்ற இருவரையும் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"என்னப்பா, மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா? எனக்கு ஒண்ணும் ஆகலை. எதுக்கு ரெண்டு பேரும் வந்தீங்க?"

ஜெபமாலை மகளின் கையைப் பிடித்து, முழங்கை வரை தடவிப் பார்த்தார். "எனக்குத்தான் பயமா இருந்துச்சுட்டி."

செர்லின் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க?"

"எனக்கு இல்லை," என்றார் தைரியநாதன். "நான் துணைக்கு வந்தேன்."